பல்லிக்குப் போட்ட டிராகன் வேஷம்

உட்காருடா பேராண்டி. கொஞ்சம் பேசணும். நடு ரூம்ல தேதி கிழிக்கிற காலண்டர் தொங்கின ஆணியில இப்ப மீசை வச்ச டிராகன் ஒண்ணு தொங்குது. காலண்டர் எங்கேன்னு உன் பாட்டியைக் கேட்டேன். "பையனுக்குக் கம்பெனியில லீடர்ஷிப் ட்ரெயினிங் குடுத்தாங்களாம், அதான் டிராகன் வந்திருக்கு"ன்னா. சரி, வரட்டும். ஓசூருக்கு எதுதான் வரல? 1980ல அசோக் லேலண்ட் வந்துச்சு, டிவிஎஸ் மொபெட் வந்துச்சு, அப்புறம் டைட்டன் வாட்ச் வந்துச்சு. ஒடிசாவுலருந்து பசங்க வந்தாங்க. சானமாவு காட்டுக்கு ராகி முத்தற நேரம் பார்த்து வருஷா வருஷம் யானை வருது. டிராகன் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.

பெங்களூர்ல பெரிய ஓட்டல்ல ரெண்டு நாள் உட்கார வச்சு, ஒரு புத்தகமும் நடுவுல சதுர ஓட்டை போட்ட மூணு காசும் குடுத்து அனுப்பியிருக்காங்க. புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. நீ அதை டிவி மேல வச்சதோட சரி. நான் எடுத்துட்டுப் போய் டீக்கடைக்கு வர்ற ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட குடுத்தேன். தினம் ஒரு டீ, ஒரு போண்டா செலவு. அவர் படிச்சுச் சொல்லச் சொல்ல, நான் வெத்தலை மென்னுக்கிட்டே கேட்டேன். உனக்கு எவ்வளவு ஃபீஸு கட்டினாங்களோ தெரியாது, எனக்கு முந்நூறு ரூபாகூட ஆகல. யாருக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு இப்பப் பார்த்துடலாம்.

அந்தப் புத்தகத்துக்குப் பேரு 'யி சிங்'. சீனாவுல மூவாயிரம் வருஷத்துப் பழைய குறி சொல்ற நூல். 'யி'ன்னா மாற்றம்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஆனா சுமார் 1900 வருஷத்துக்கு முன்னால ஷூ ஷென்னு ஒருத்தர் சீன எழுத்துக்கெல்லாம் அகராதி எழுதினார். அதுல அந்த 'யி'ங்கற எழுத்து என்ன படம்னு போட்டிருக்கார் தெரியுமா? பல்லிடா, பல்லி. எல்லாப் பண்டிதரும் இதை ஒத்துக்கலையாம், வேற வியாக்கியானமும் இருக்காம். இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பல்லிதான் பிடிச்சிருக்கு. ஏன்னா நம்ம மலைமேல சந்திரசூடேஸ்வரர் எப்படி வந்தார்? உடும்பு ரூபத்துல வந்தார்ங்கறது தலபுராணம். நம்ம வீட்டு உத்தரத்துல பல்லி கத்தினாலே உன் பாட்டி விரலால தரையைத் தட்டுவா. நீ சிரிப்ப. அதே பல்லிக்கு மீசை வச்சு, பெங்களூர்ல ஏசி போட்டுக் காட்டினா நோட்டுல எழுதிக்கற.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஓசூருக்குப் பழைய பேரு செவிடபாடி, மலைமேல இருக்கற சாமிக்கு செவிடநாயனார்னு பேரு உண்டு. சாமி அந்தப் பேரை வச்சுக்கலாம்டா, கேக்காத மாதிரி இருந்து எல்லாத்தையும் கேட்டுக்குவார். ஷிப்ட் இன்சார்ஜுக்கு அந்தப் பேரு வரக்கூடாது. உனக்கு வந்துடுச்சுன்னு கேள்வி. யார் சொன்னாங்கன்னு கேக்காதே.

விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்து சீன ராஜா ஒவ்வொரு காரியத்துக்கும் ஆமை ஓட்டையும் மாட்டெலும்பையும் சூடு காட்டி, அது எப்படி விரியுதுன்னு பார்த்துத்தான் படை கிளப்புவான். விரிசல் பக்கத்துலயே கேள்வியையும் செதுக்கி வைப்பான். இந்த எலும்பெல்லாம் ஆன்யாங் பக்கம் மண்ணுக்குள்ள கிடந்து, பின்னால குடியானவனுங்க தோண்டியெடுத்து டிராகன் எலும்புன்னு நாட்டு மருந்துக் கடைக்கு வித்திருக்கானுங்க. இடிச்சுக் கஷாயம் வச்சும் குடிச்சிருக்கானுங்க. 1899ல வாங் யீரோங்னு ஒரு அதிகாரிதான் அதுல இருக்கறது எழுத்துன்னு கண்டுபிடிச்சாராம். அதுவரைக்கும் எத்தனை ராஜாவோட கேள்வி எத்தனை பேர் வயித்துக்குள்ள போச்சோ!

ஆமைக்கு அப்புறம் குச்சி வந்துச்சு. 50 குச்சி எடுத்து, ஒண்ணைத் தள்ளி வச்சு, மீதி 49ஐப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணணும். அதுக்கு அரை நாள் பொறுமை வேணும். அவசரக்காரனுக்காக மூணு காசு வந்துச்சு. மூணையும் ஆறு தடவை போடணும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. முழுக் கோடு, இல்லேன்னா நடுவுல உடைஞ்ச கோடு. ஆறு கோடு சேர்ந்தா ஒரு படம். அப்படி மொத்தம் 64 படம். ஜெர்மனியில லைப்னிட்ஸ்னு ஒரு கணக்கு மேதை இருந்தார். பீக்கிங்ல இருந்த பூவேங்கற பாதிரியார் இந்தப் படத்தையெல்லாம் அவருக்கு அனுப்பி வச்சார். உடைஞ்ச கோட்டை 0ன்னும் முழுக் கோட்டை 1ன்னும் வச்சா தன்னோட கணக்கு அப்படியே வருதேன்னு அவர் 1703ல எழுதினார். உங்க மெஷினை ஓட்டற பெட்டிக்குள்ள இருக்கறதும் அதே 0, 1 தானாமே. அப்ப நீ தினமும் யி சிங் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருக்க.

இதுல நீ கோட்டைவிட்ட இடம் ஒண்ணு இருக்கு. அந்த ஆறு கோட்டையும் எங்கேருந்து படிக்கணும்? கீழேருந்துடா. வீடு கட்டற மாதிரி, கடைக்கால்லருந்து மேல. நீ மேலேருந்து படிச்சிருக்க. படத்துல பென்சிலால நம்பர் போட்டிருக்கியே, பார்த்தேன். அஞ்சாவது கோட்டுப் பக்கத்துல உன் பேரையும் எழுதி வச்சிருக்க. அதையும் பார்த்தேன்.

முதல் படம் முழுக்க டிராகன் கதைதான். கீழ் கோட்டுல டிராகன் தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அப்ப ஒண்ணும் பண்ணக்கூடாது. ரெண்டாவதுல வயக்காட்டுக்கு வருது. மூணாவதுல பகல் பூரா உழைச்சு, பொழுது சாஞ்சா என்ன தப்பு நடந்துச்சோன்னு கவலைப்படுது. நாலாவதுல மடு ஓரத்துல நின்னு தாண்டலாமா வேண்டாமான்னு பார்க்குது. அஞ்சாவதுல வானத்துல பறக்குது. உன் ட்ரெயினிங் வாத்தியார் இதோட நிறுத்தி, கை தட்டச் சொல்லியிருப்பார். ஆறாவது கோட்டுல என்ன இருக்கு? ரொம்ப மேல போன டிராகன் வருத்தப்படும். உசரத்துல உட்கார்ந்திருக்கும், கீழ ஆள் இருக்காது.

இதுக்கு சீனா வரைக்கும் போக வேண்டாம். தொரப்பள்ளிக்குப் போ. ராஜாஜி பொறந்த வீடு இன்னிக்கும் நினைவு இல்லமா இருக்கு. 1878ல ஒரு கிராம முன்சீப் வீட்டுல பொறந்த பையன். ஓசூர்ல படிப்பு, பெங்களூர்ல படிப்பு, சென்னையில சட்டம். அப்ப அவர் யாருன்னு யாருக்குத் தெரியும்? அது தண்ணிக்குள்ள இருந்த காலம். 1917ல சேலம் முனிசிபாலிட்டி சேர்மன் ஆனார், வயக்காட்டுக்கு வந்தாச்சு. 1925ல திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் வச்சு உட்கார்ந்தார். 1930ல திருச்சியிலருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். பகல் பூரா உழைப்பு, ராத்திரி ஜெயில். 1937ல பிரதம மந்திரி, அந்தக் காலத்துல மாகாண முதலமைச்சருக்கு அப்படித்தான் பேரு. 1939ல ராஜினாமா. 1942ல காங்கிரசை விட்டே வெளியே வந்து தனியா நின்னார். மடு ஓரம்னா அதுதான். 1948 ஜூன்ல கவர்னர் ஜெனரல். மவுண்ட்பேட்டன் உட்கார்ந்த நாற்காலியில தொரப்பள்ளிக்காரர். அதுக்கு மேல பறக்க வானம் ஏது?

அப்புறம் ஆறாவது கோடு வந்துச்சு பாரு. 1952ல சென்னையில காங்கிரசுக்கு மெஜாரிட்டி இல்ல. எலெக்ஷன்ல நிக்காம, மேல்சபைக்கு நியமனம் வாங்கி முதலமைச்சரானார். 1953ல ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பக்கத்துல இருந்து பாரு. குலக்கல்வின்னு ஊரே எழுந்திருச்சு. எனக்கு அப்ப ஏழு வயசு. அரை நாள் பள்ளிக்கூடம்னதும் எனக்கு ஒரே கொண்டாட்டம், பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பாதான், "மாடு மேய்க்க நான் போதும்டா, நீயும் எதுக்கு?"ன்னு ராகி மூட்டை மேல உட்கார்ந்துக்கிட்டு கத்தினார். அந்த மூட்டை மேல உட்கார்ந்து கத்தின மாதிரி எத்தனை அப்பன் கத்தியிருப்பான்! அவ்வளவு படிச்ச மனுஷனுக்கு அது மட்டும் காதுல விழல. 1954 ஏப்ரல்ல காமராசர் வந்து உட்கார்ந்தார், திட்டம் போச்சு.

ஆனா கிழவர் கதை அதோட முடியல. கவர்னர் ஜெனரலா இருந்தவர், அதுக்கப்புறம் டெல்லியில நேருவுக்குக் கீழ மந்திரியா இருந்தார், அதுக்கப்புறம்தான் இங்க முதலமைச்சர். பெரிய நாற்காலியிலருந்து சின்ன நாற்காலிக்கு இறங்கறதுக்கு அவர் கூச்சப்பட்டதில்ல. 80 வயசுல, 1959ல, புதுசா சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சார். திரும்பவும் கீழ் கோட்டுலருந்து. எனக்கு அவர் கொள்கை பிடிக்காது, அந்தத் தெம்பு பிடிக்கும். நீ டீம் லீடர்லருந்து ஷிப்ட் இன்சார்ஜ் ஆகி நாலு மாசம் ஆகல, பழைய டீமோட உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கறியாமே.

சரி, மூஞ்சியைத் தூக்காதே. வெத்தலை வேணுமா? வேண்டாமா, சரி.

ஏழாவது படம் பார்த்தியா? படைன்னு பேரு. கீழ தண்ணி, மேல மண்ணு. ஆறு கோட்டுல அஞ்சு உடைஞ்ச கோடு, ஒண்ணே ஒண்ணு முழுசு. அந்த முழுக் கோடுதான் சேனாபதி. அது எந்த இடத்துல இருக்கு? உச்சியிலன்னுதானே நினைச்ச. கீழேருந்து ரெண்டாவது. ஆளுங்களுக்கு நடுவுல, காலுக்குப் பக்கத்துல. நம்ம ஊர்ல எருது விடற திருவிழாவுல மைக் பிடிச்சிருக்கறவன் மேடையில இருப்பான், கயிறு பிடிக்கறவன் கீழதான் இருப்பான். மாடு முட்டினா யாருக்குத் தெரியும்?

15ஆவது படம் பணிவு. பூமிக்கு அடியில மலை இருக்கற படம். 64லயும் இது ஒண்ணுக்குத்தான் ஆறு கோடும் நல்லதாவே வருமாம். வாத்தியார் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு தாங்கல. கிருஷ்ணகிரி ஜில்லாவுல மலையைப் பூமிக்கு அடியில கொண்டு போறதுக்கு நமக்கா தெரியாது? கிரானைட் குவாரிக்குப் போய்ப் பாரு, மலை இருந்த இடத்துல கிணறு இருக்கு. அது வேற மாதிரிப் பணிவு. புத்தகம் சொல்றது, உசரமா இருக்கறது தானா இறங்கி நிக்கறதை. வெடி வச்சு இறக்கறதை இல்ல. ரெண்டும் கம்பெனியில நடக்குது, நீயே பார்த்திருப்ப.

11ஆவது படம் இன்னும் வேடிக்கை. மேல பூமி, கீழ வானம். தலைகீழா இருக்கேன்னு கேட்டேன். அதுதான் சமாதானம்னு பேராம். வானம் மேல போற ஜாதி, பூமி கீழ இறங்கற ஜாதி. கீழ இருக்கற வானம் மேல வரும், மேல இருக்கற பூமி கீழ வரும், நடுவுல ரெண்டும் சந்திக்கும். அடுத்த படம், 12ஆவது, வானம் மேல, பூமி கீழ. பார்க்க ஒழுங்கா இருக்கும். ஆனா இது மேலயே போகும், அது கீழயே போகும், ஒண்ணையொண்ணு பார்க்காது. அதுக்கு அடைப்புன்னு அர்த்தம். உங்க மேனேஜருக்கு மாடியில கண்ணாடி கேபின், ஆளுங்க கீழ லைன்ல. எந்தப் படம்னு நீயே சொல்லு.

லைன்னதும் ஞாபகம் வருது. நம்ம லைன் வீட்டுல பத்து ரூம் வாடகைக்கு விட்டிருக்கேன். பாதி ரூம்ல உங்க கம்பெனி காண்ட்ராக்ட் பசங்கதான். வாடகை குடுக்க வர்றப்ப அவனுங்க ஒடியாவுல ஆரம்பிப்பானுங்க, நான் தெலுங்குல கேப்பேன், கன்னடத்துல கொஞ்சம் சேத்துக்குவோம், கடைசியில தமிழ்ல முடியும். எனக்கு எல்லாம் புரியும். செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு நடு ராத்திரி கம்பெனி பஸ் மெயின் ரோட்டுலயே இறக்கிவிட்டுடுது. அங்கேருந்து ஊருக்குள்ள அரை கிலோமீட்டர். தெரு லைட் கிடையாது, ஒரு பக்கம் ராகிக் கொல்லை, இன்னொரு பக்கம் புதர். ராகி முத்தினா யானை வரும். பஸ்ஸை ஊர் வரைக்கும் விடுங்க சார்னு உன்கிட்ட கேட்டிருக்கானுங்க.

நீ என்ன பண்ணின? வீட்டுக்கு வந்து காசு போட்ட. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருந்தேன், காசு சத்தம் கேட்டுச்சு. முதல் தடவை போட்ட, புத்தகத்தைப் புரட்டின, "ச்சே"ன்ன. ரெண்டாவது தடவை போட்ட. மூணாவது தடவை போட்டதும் விசில் அடிச்ச. பறக்கற டிராகன் வந்துடுச்சு போல. மறுநாள் பசங்ககிட்ட, "கம்பெனி ரூல் கம்பெனி ரூல்தான்"னுட்ட.

நாலாவது படத்தை வாத்தியார் படிச்சப்ப நான் உன்னைத்தான் நினைச்சேன். அறியாப் பிள்ளைன்னு அந்தப் படத்துக்குப் பேரு. முதல் தடவை கேட்டா குறி பதில் சொல்லும், திரும்பத் திரும்பக் கேட்டா அது மரியாதை கெட்டதனம், பதில் கிடையாதுன்னு அதுல இருக்கு. நம்ம ஆளுங்களும் அப்படித்தான். கோயில்ல வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் கட்டிப் போட்டு, குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வாங்க. வேண்டாத பூ வந்தா, "குழந்தை சரியா எடுக்கல, இன்னொரு தடவை"ம்பாங்க. சாமிக்கு வாய் இருந்தா திட்டியிருக்கும்.

சீட்டுப் போடறது தப்புன்னு நான் சொல்ல வரல. உத்திரமேரூர்ல ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கப் போட்டாங்களே. முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. ஊர் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. குடத்துல ஓலை போட்டு, ஒரு சின்னப் பையன் எடுப்பான். ஆனா குடத்துக்குள்ள யார் பேரு போகலாம்? சொந்த நிலம் இருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. முன்னால பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரு போகக்கூடாது, அவன் மாமன் மச்சான் பேரும் போகக்கூடாது. அவ்வளவு சலிச்சு எடுத்த அப்புறம்தான் மிச்சத்தைக் குடம் முடிவு பண்ணும். உங்க கம்பெனியில அப்படி ஒரு குடம் வச்சா உள்ள ஓலை மிஞ்சுமாடா? எனக்கும் 70 தாண்டிடுச்சு, அதனால தைரியமாப் பேசறேன்.

யானை வருமா வராதான்னு காசு எப்படிச் சொல்லும்? ஃபாரஸ்ட்காரங்க எந்தப் பக்கம் கூட்டம் நிக்குதுன்னு எச்சரிக்கை குடுக்கறாங்க, அதைப் பாரு. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால ராஜா ஆமையைக் கேட்டான்னா, படை கிளம்பறதுக்கு முன்னால ஒரு ராத்திரியாவது யோசிக்க வச்சுதே, அதுக்காகத்தான்னு நான் நினைக்கறேன். புத்தகத்துக்கு விளக்கம் எழுதின வென் ராஜா, அப்ப ராஜாகூட இல்ல. ஷாங் வம்சத்து ராஜா அவரைப் பிடிச்சு யூலியில அடைச்சு வச்சிருந்தான், அங்க உட்கார்ந்துதான் 64 படத்துக்கும் பொருள் எழுதினார்னு ஐதீகம். ஜெயில்ல இருக்கறவனுக்குக் கீழேருந்து பார்த்தாத்தானே எதுவும் தெரியும். ஸ்டார் ஓட்டல்ல எழுதியிருந்தா வேற மாதிரி வந்திருக்கும்.

48ஆவது படம் கிணறு. ஊரை மாத்தலாம், கிணத்தை மாத்த முடியாதுங்கறது அதோட கரு. கயிறு எட்டலைன்னாலும் குடம் உடைஞ்சாலும் தண்ணி இருந்தும் பிரயோஜனமில்ல. அன்னிக்கு வாத்தியார் அதுக்கு மேல படிக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். நம்ம கிணறு, உன் கொள்ளுத்தாத்தா வெட்டினது, ஏத்தம் இறைச்சது, இப்ப ஒரு கம்பெனியோட ஷெட்டுக்கு அடியில இருக்கு. நான்தான் வித்தேன். நல்ல விலை, புகார் இல்ல. அந்த விலையிலதான் நீ படிச்ச. ஆனா சில ராத்திரி தூக்கம் வராதப்ப, அதுல இப்ப தண்ணி இருக்குமா, எந்த மெஷின் அது மேல நிக்குதுன்னு நினைச்சுப்பேன்.

இப்ப ஒரு விஷயம் ஒத்துக்கணும். போன மாசம் ஒரு நாள் உன் பைக் சாவியைக் காணோம்னு வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடின. கடைசியில கம்பெனி பஸ்ஸுலதான் போன. செகண்ட் ஷிப்ட். சாவி என் வெத்தலைப் பையில இருந்துச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு உன் பாட்டி போன் பண்ணி, "தாத்தாவுக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்காம், ஷிப்ட் முடிஞ்சதும் நேரா வந்துடு"ன்னாளே, அன்னிக்கு என் நெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு. மெயின் ரோட்டுல இறங்கி, பதினாலு பசங்களோட, செல்போன் வெளிச்சத்துல நடந்து வந்த. ராகிக் கொல்லையில ஏதோ சலசலன்னதும் நீதான் முதல்ல ஓடினியாம். ஒடிசாப் பையன் ஒருத்தன்தான் உன் கையைப் பிடிச்சு, "ஓடாதீங்க சார், நில்லுங்க"ன்னானாம். அது பன்னி. யானை இல்ல. யாரும் சிரிக்கல, அதையும் கேட்டுக்கிட்டேன்.

அடுத்த திங்கக்கிழமை பஸ் ஊருக்குள்ள மாரியம்மன் கோயில் வரைக்கும் வந்துச்சு. ரூல் எங்க போச்சுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லல.

அந்தப் புத்தகத்துல 63ஆவது படம் 'முடிஞ்சாச்சு', 64ஆவது, கடைசிப் படம், 'இன்னும் முடியல'. ஒரு குட்டி நரி ஆத்தைத் தாண்டும், கரை கிட்ட வந்ததும் வாலை நனைச்சுக்கும். எழுதினவன் குசும்பன். முடிஞ்சதை முன்னால வச்சுட்டு, முடியாததைக் கொண்டு போய்க் கடைசியில வச்சிருக்கான். வாத்தியாருக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போய் இன்னொரு போண்டா கேட்டார். அந்தக் காசையும் நீதான் தரணும்.

டிராகன் படம் இருக்கட்டும், பரவாயில்ல. பல்லி ஒண்ணு அதுக்குப் பின்னால குடி வந்திருக்கு. ஆனா பக்கத்துலயே இன்னொரு ஆணி அடிச்சு என் காலண்டரை மாட்டிடு, அமாவாசை எப்பன்னு தெரியல. அப்புறம் உன் மூணு காசுல ரெண்டுதான் இருக்கும், தேடாதே. நடுவுல ஓட்டை இருக்கவும் கயிறு கோக்க வசதியா இருக்குன்னு, உன் பாட்டி ஒண்ணை எடுத்துப் புது ஆட்டுக்குட்டி கழுத்துல கட்டிட்டா.